விடை ஐந்து என எதிர்பார்க்கவும்

மருந்தைச் சொட்டுச் சொட்டாய் மனித உடம்புக்குள் அனுப்புகின்ற எந்திரத்துக்கு மூளை செய்து தருகின்ற இந்த நிறுவனத்தின் முதலாளியும், இன்றைய விழாவின் தலைவருமாகிய பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களே! விசைகளைத் தட்டித் தட்டி விரல் தேய்ந்த பொறியாளப் பெருமக்களே! பிள்ளைக்கு என்ன வேலை என்று பக்கத்து வீட்டில் கேட்டால் ‘கம்ப்யூட்டர்ல ஏதோ’ என்று சொல்லிச் சமாளித்துவருகின்ற பெரியோர்களே! என் இல்லத்தரசியைத் தங்கள் நடுவே உட்காரவைத்து, அவர் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொள்வதாக வாக்களித்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் கூப்பிய கரத்தோடும் குழம்பிய மனத்தோடும் என் வணக்கம்!

ஏன் சிரிக்கிறீர்கள்? குழம்பித்தான் போயிருக்கிறேன். மீசை முளைத்த நாள் முதல் மேடை ஏறுகிறேன். மலையைப் பற்றிப் பேசு என்றால் மலைக்க மலைக்கப் பேசுவேன். கடலைப் பற்றிப் பேசு என்றால் கரையேறாமல் பேசுவேன். இன்றைக்கு என் கையில் ஒரு நூலைக் கொடுத்து வெளியிடச் சொல்லியிருக்கிறார்கள். எழுதியவர் என் மகனின் மனைவி, இந்த நிறுவனத்துப் பொறியாளர், என் அருமை மருமகள். அட்டையைப் படிக்கிறேன், கேளுங்கள்: ‘கர்னலுக்கான யூனிட் டெஸ்ட் சட்டகம் – பயன்படுத்துவோர் வழிகாட்டி’. இதில் எனக்கு ஐயமறத் தெரிந்திருந்த சொல் ‘வழிகாட்டி’. உள்ளே படித்த பிறகு அதுவும் கைநழுவிப் போய்விட்டது.

கர்னல் என்றால் யார்? யார் ஐயா கர்னல்? மிடுக்கான நடையும் முறுக்கிய மீசையும் மார்பு நிறையப் பதக்கமுமாய்ப் பட்டாளத்தை நடத்துகின்ற மாவீரன் அல்லவா கர்னல்? யூனிட் என்றால் அவருடைய படைப்பிரிவு அல்லவா? சரி, யாரோ ஒரு படைத்தலைவருக்குப் பரீட்சை வைக்கப் போகிறார்கள் என்று நான் ஒரு வீர உரையே தயாரித்துவிட்டேன். கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, ‘கர்னல் அவர்களே, களம் தங்களைக் கைநீட்டி அழைக்கிறது!’ என்று நான் முழங்கிக்கொண்டிருந்தபோது, பாதி பின்னிய தலையோடு மருமகள் ஓடிவந்தாள்.

“மாமா, யாரு மாமா அந்தக் கர்னல்?”

“உன் கர்னல்தாம்மா. நீதானே அன்னைக்குப் போன்ல சொன்ன, கர்னல் பேனிக் ஆயிட்டாரு, எல்லாமே நின்னு போச்சுன்னு. பாவம், அந்த மனுசனுக்கு என்ன கஷ்டமோ!”

“ஆயிட்டாருன்னு நான் சொல்லல மாமா. ஆயிடுச்சுன்னுதான் சொன்னேன்.”

“பெரிய பதவியில இருக்குறவரை அது இதுன்னு பேசுறியேன்னு நான்தான் மனசுக்குள்ள திருத்திக்கிட்டேன்!”

சிரியுங்கள், சிரியுங்கள். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்து விளக்கினாள். “எந்திரத்துக்குள்ள எல்லாத்துக்கும் அடியில இருந்து வேலை வாங்குற ஆணைத் தொகுப்புக்குப் பேருதான் கர்னல், மாமா. அதுல ஒரு சின்னத் துண்டை மட்டும் தனியா எடுத்து, ஒரு கேள்வி கேட்டு, சரியா பதில் சொல்லுதான்னு பாக்குறதுதான் யூனிட் டெஸ்ட். அப்படிப் பாக்குறதுக்கு நான் கட்டிவெச்ச ஏற்பாடுதான் இந்தச் சட்டகம்.”

சமையலறையிலிருந்து ஒரு குரல். உங்களுக்குத் தெரிந்த குரல்தான், அதோ முன்வரிசையில் முகத்தை மூடிக்கொள்கிறார். “அப்படியே உங்க மாமாவையும் துண்டு துண்டா எடுத்துப் பாரும்மா. எங்கேயோ ஒன்னு கழண்டிருக்கு.”

அந்தச் சிரிப்பு அடங்கியதும் மருமகளின் முகம் வாடிவிட்டது. என்னம்மா என்றேன். அப்போதுதான் சொன்னாள். இங்கே சோதனை அறையில் ஒருநாள் ஓர் எந்திரம், ஒரு சொட்டு விடவேண்டிய நேரத்தில் இரண்டு சொட்டு விட்டதாம். கீழே இருந்தது வாளி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. துடைத்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

“வாளி இருந்த எடத்துல ஒரு குழந்தையோட கை இருந்திருந்தா, மாமா?” என்று கேட்டாள்.

அதற்காகத்தான் அந்தச் சட்டகத்தைக் கட்டினாளாம். அதற்காகத்தான் இந்த வழிகாட்டியை, எல்லோருக்கும் விளங்கட்டும் என்று தமிழில் எழுதினாளாம். அச்சுக்குப் போகுமுன்பே படியெடுத்து அலுவலகம் முழுக்கக் கொடுத்தாளாம். படித்தவர் எல்லாம் ‘அருமை’ என்றார்கள். ‘தெளிவு’ என்றார்கள். ஆனால், ஒரே ஒரு சோதனையைக்கூட ஒருவரும் எழுதவில்லை! நம் தலைவர் பார்த்தார். ‘வழிகாட்டி தெளிவா இருக்கு, ஆனாலும் யாரும் தொடல, அப்படின்னா இந்தச் சட்டகமே நமக்கு வேண்டாம், விழாவோட முடிச்சுக்குவோம்’ என்று சொல்லிவிட்டார். என் உரைக்குப் பிறகு அதை அறிவிக்கப் போகிறார். ஐயா, தலையாட்டுகிறீர்கள், உண்மைதானே? நூலை வெளியிட்ட கையோடு, நூல் எந்தச் சட்டகத்துக்காக வந்ததோ அந்தச் சட்டகத்தையே மூடுகிற விழா! எனக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

சரி, நாமே செய்து பார்ப்போம் என்று மறுநாள் அவளுடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். முதல் பக்கம். இதைத் திற என்றது, திறந்தேன். இரண்டாம் பக்கம். இந்த வரியை அடி என்றது, ஒவ்வோர் எழுத்தாய்த் தேடித் தேடி அடித்தேன். மூன்றாம் பக்கம். இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொல்லிவிட்டு, ‘விடை ஐந்து என எதிர்பார்க்கவும்’ என்றது.

எதிர்பார்த்தேன்.

என் அன்பானவர்களே, எதிர்பார்த்தேன்! கண்ணிமைக்காமல் எதிர்பார்த்தேன். கைகட்டி எதிர்பார்த்தேன். தேநீர் ஆறிப்போனது, திரை அசையவில்லை. வீட்டுக்காரி துடைப்பத்தோடு வந்தார்.

“காலைத் தூக்குங்க. என்ன பண்றீங்க?”

“அஞ்சு வரும்னு எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“அஞ்சு பேரா? முன்கூட்டியே சொல்லித் தொலைக்க மாட்டீங்களா? வீட்ல அரிசி இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை கேக்குறதில்ல!”

அவர் உலை வைக்கப் போய்விட்டார். நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். வேலை முடிந்து மருமகள் வந்தாள், திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“மாமா, நீங்க எதிர்பாக்கக் கூடாது மாமா! எந்திரம்தான் எதிர்பாக்கணும். ‘ஐந்துன்னு எதிர்பாரு, வரலன்னா என்கிட்ட சொல்லு’ன்னு நீங்க எந்திரத்துக்கு ஒரு வரி எழுதணும்!”

“அப்படின்னு எங்கம்மா போட்டிருக்க?”

நூலை வாங்கினாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், முன்பக்கம் புரட்டினாள், பின்பக்கம் புரட்டினாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“போடல மாமா. அந்த வரி எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு விட்டுட்டேன். படிச்ச அத்தனை பேரும் புரிஞ்சுது புரிஞ்சுதுன்னு சொன்னாங்களே மாமா. ஒருத்தராவது புரியலன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே எழுதியிருப்பேனே.”

அவளைத் திட்டியவர் யாரும் இல்லை. தடுத்தவர் யாரும் இல்லை. பாராட்டியே படுகுழியில் தள்ளியிருக்கிறீர்கள் ஐயா, பாராட்டியே!

இப்போது கேட்கிறேன். இந்த வழிகாட்டி புரிந்தவர்கள் கை தூக்குங்கள். ஆகா, அரங்கமே கையாகிவிட்டது! இறக்குங்கள். புரியாதவர்கள்? ஒருவரும் இல்லை. மிக்க மகிழ்ச்சி. இதைப் படித்து ஒரு சோதனை, ஒரே ஒரு சோதனை எழுதியவர்கள்? என்ன, கூரையைப் பார்க்கிறீர்கள்? அந்தத் தூணருகே நிற்கும் தம்பி, செருப்பில் என்ன தேடுகிறீர்கள்?

புரியவில்லை என்று சொன்னால் என்ன போய்விடும்? பதவி போய்விடுமா? படிப்பு போய்விடுமா? இந்த மேடையில் இத்தனை மாலையும் மைக்குமாய் நிற்கிற நான் சொல்கிறேன், எனக்குப் புரியவில்லை! கர்னல் என்றால் என்ன என்பது இப்போதும் எனக்கு முழுதாகப் புரியவில்லை! ஆனால், அந்த வாளி புரிகிறது. வாளியின் இடத்தில் ஒரு கை இருக்கலாம் என்பது புரிகிறது. அந்தக் கையை நினைத்தாவது உங்களில் ஒருவர், ஒரே ஒருவர், வாய் திறந்து சொல்லக் கூடாதா?

என்ன இது? தலைவர் எழுந்திருக்கிறார். ஐயா, நேரம் ஆகிவிட்டதா? இல்லையா? மைக் வேண்டாம் என்கிறார். பின்வரிசைக்குக் கேட்காது, அவர் சொல்லச் சொல்ல அப்படியே நான் சொல்கிறேன், அமைதி, அமைதி.

“உன்கிட்டதான் சொல்றேம்மா. நானும் ஒருநாள் கதவைச் சாத்திட்டு அந்த மூணாம் பக்கத்தைப் போட்டுப் பாத்தேன். அஞ்சு வரும்னு நானும் உக்காந்துட்டுதான் இருந்தேன். வரல. உன் சட்டகம்தான் வேலை செய்யலன்னு நெனச்சுட்டேன். எனக்கே புரியலன்னு வெளிய எப்படிச் சொல்றதுன்னு... மூட வேண்டாம்மா. அந்த வரியை எழுதிக் குடு. மொத சோதனையை நானே போடுறேன்.”

ஐயா! ஐயா அவர்களே! ஐந்தை எதிர்பார்த்து அரைநாள் உட்கார்ந்த நான், சத்தியமாக இதை எதிர்பார்க்கவில்லை!

அதோ, தூணருகே ஒரு கை. தம்பி, உங்களுக்கும் மூன்றாம் பக்கமா? அங்கே இன்னொரு கை, ஏழாம் பக்கமாம். அம்மா, உங்களுக்கு? முன்னுரையே புரியவில்லையா? சபாஷ்! மருமகளே, அழுதது போதும், பேனாவை எடு. ஒவ்வொரு கையாகக் கேட்டு எழுது.

புரியவில்லை என்று முதலில் எழுந்து சொன்ன தலைவருக்குத் தலைவணங்குகிறேன். இன்னமும் இறங்காத அத்தனை கைகளுக்கும் நன்றி. என் பேச்சைப் பொறுத்துக்கொண்ட தாய்மார்களுக்கும், ஐந்து பேருக்கு உலை வைத்துவிட்டு அத்தனையையும் என்னையே சாப்பிடவைத்த என் வீட்டுக்காரிக்கும் வணக்கம். கர்னல் அவர்களுக்கும் என் வணக்கம். அது இது என்று மரியாதைக் குறைவாய்ச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.