அளவுகோல் விண்மீன்

தேநீரை ஆறவைத்துத்தான் குடிப்பேன். நீங்கள் அவசரப்பட வேண்டாம். கேட்டதையெல்லாம் சொல்கிறேன்.

வானாய்வகத்தில் இருபத்திரண்டு வருடம் நான் ஒரு ஜோடியைத்தான் பார்த்துவந்தேன். ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள். பெரியதன் உடம்பைச் சின்னது கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிறது. பதின்மூன்று நாளுக்கு ஒருமுறை ஒன்று மற்றதை மறைக்க, ஒளி குறையும்; பிறகு மீளும். ஆனால் அது முழுதாக மீள்வதில்லை, வருடத்துக்கு வருடம் மங்குகிறது என்று கண்டவன் நான். எனக்கிருந்த மதிப்பெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான்.

ஒளியை அளக்க, பக்கத்திலுள்ள மாறாத விண்மீன் ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். என்னுடையதை நானே தேர்ந்தெடுத்தேன்.

மனைவியின் தம்பியை அங்கே வேலைக்குச் சேர்த்ததும் நான்தான். போன மாதம் சாப்பாட்டு மேசையில், அவன் அக்கா முன்னால் சொன்னான்:

“அத்தான், உங்க ஜோடி அப்படியேதான் இருக்கு. அளவுகோல்தான் வருஷா வருஷம் பிரகாசமாகுது. இத்தனை வருஷமா உயிரோட இருக்கறவங்களுக்கு ஒப்பாரி வச்சிருக்கீங்க.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “பாவம்டா, விடு.”

சிரித்ததை மன்னித்துவிட்டேன்.

“திங்கக்கிழமை கட்டுரைய அனுப்பறேன். உங்க பேரும் வரும் அத்தான், நன்றி சொல்ற இடத்துல.”

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை, தொலைநோக்கியின் அடிமுனையிலிருந்து கேமராவைக் கழற்றும் வேலை இருந்தது. அறுபது கிலோ. அது கழன்றதும் எடை மாறி, குழாயின் அடிமுனை விசையோடு மேலே எழும்பிவிடும். அதனால் கீழே நிற்பவர் குழாய் அசையாதபடி ஒரு கம்பியைச் செருகிக் குரல் கொடுக்க வேண்டும். மேடையில் இருப்பவர் அதன் பிறகே கடைசி போல்ட்டைக் கழற்றுவார். எட்டிப் பார்ப்பதில்லை, பார்த்தால் கூட இருப்பவரை அவமதித்ததாகிவிடும்.

“பூட்டியாச்சா அத்தான்?”

“பூட்டியாச்சு.”

கம்பி என் கையில் இருந்தது. குழாய் அவன் மார்பில் அடித்து மேடையிலிருந்து கீழே தள்ளியது. சிமெண்ட் தரையில் அவன் கண்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. மணியைக் குறித்துக்கொண்டேன், பழக்கதோஷம். பதினோரு நிமிடம் ஆனது. பிறகு ஆம்புலன்சை அழைத்தேன். அது வருவதற்குள் அவன் கட்டுரையைக் கணினியிலிருந்து அழித்தேன்.

எல்லாம் நான் செய்ததுதான். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் சொன்னது சரியாக இருந்திருந்தால் நான் விட்டுக்கொடுத்திருப்பேன். அடக்கம் முடிந்த மறுநாள் மூன்று முறை அளந்து பார்த்தேன், அதே அளவுகோலை வைத்து. ஜோடி மங்கிக்கொண்டுதான் இருக்கிறது.