சோக்கை உள்ள தள்ளு

இல்ல தம்பி, நீங்க கோவப்பட்டது நியாயம்தான். மாடிக்குக் குடிவந்து முழுசா ஒரு மாசம்கூட ஆகல, தினம் காலையில ஜன்னல் வழியா பெட்ரோல் புகை வந்தா யாருக்குத்தான் பொறுக்கும்? நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து அப்பதான் கண்ணசந்திருப்பீங்க. முதல்ல உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. டீ போட்டாச்சு, வேணாம்னு சொல்லாதீங்க. இத்தனை நாள் எங்க புகையைக் குடிச்சீங்கல்ல, டீயையும் குடிங்க.

சத்தமா? ஆமா, அதுவும்தான். புகைக்காவது ஜன்னலைச் சாத்தலாம், எங்க வீட்டுக்காரர் போடுற சத்தத்துக்கு எதைச் சாத்துறது? உங்க அம்மா வயசுப் பொம்பளையை அவர் அப்படித் திட்டுறது உங்களுக்குக் கஷ்டமா இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அது உங்க நல்ல மனசு. அதுக்கும் வர்றேன். வண்டிக் கதையைச் சொல்லாம அதைச் சொன்னா புரியாது.

அந்த வண்டிக்கு உங்களைவிட வயசு ஜாஸ்தி. பட்டனை அமுக்குனா கிளம்புற ஜாதி இல்ல, கார்புரேட்டர் வண்டி. குளிர் காலத்துல அதை எழுப்புறது, பரீட்சை அன்னிக்குப் பிள்ளையை எழுப்புற மாதிரிதான். முனகும், இருமும், மறுபடி படுத்துக்கும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும், அதுதான் சோக். இன்ஜின் ஜில்லுனு இருக்கும்போது அதுக்குப் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலா வேணும், காத்து கம்மியா வேணும். குமிழை இழுத்தா கார்புரேட்டர் வாயில ஒரு தகடு வந்து மூடிக்கும். வண்டி கிளம்பி சூடாக ஆக, மெல்ல மெல்ல உள்ள தள்ளிடணும். தள்ள மறந்தீங்கன்னு வைங்க, கறுப்புக் கறுப்பா கக்கும். உங்களுக்குத்தான் தெரியுமே.

அவருக்கு உடம்புக்கு முடியாமப் போனதுல இருந்து நான்தான் ஓட்டுறேன். லைசென்ஸ் எப்பவோ எடுத்தது, பீரோவுல பட்டுப்புடவைக்கு அடியில கிடந்துச்சு. அவர் நல்லா இருந்தப்ப சாவியை யாரு குடுத்தா? அவரை ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஆனப்ப, வண்டி கிளம்பவே மாட்டேங்குது. ஒரு மெக்கானிக்கை வரச் சொன்னேன். பானட்டைத் திறந்து துக்க வீட்டுல பாக்குற மாதிரி ஒரு பார்வை பாத்தான். பேட்டரி போச்சும்மான்னான். புது பேட்டரி போட்டோம். முன்னெல்லாம் மெதுவா கிளம்பாம இருந்துச்சு, அதுக்கப்புறம் வேகமா கிளம்பாம இருந்துச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து வந்தவன் கார்புரேட்டரையே கழட்டிக் கழுவி மாட்டுனான். மாட்டி முடிச்சதும் பாத்தா, தட்டுல ஒரு வளையம் மிச்சம். என்னப்பா இதுன்னேன். அது சும்மா இருக்குறதும்மா, தேவையில்லன்னான். சும்மா இருக்குறதையெல்லாம் கழட்டி வைக்கிறதுன்னா முதல்ல உன்னைத்தான்டா கழட்டணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. டீயைக் குடுத்து அனுப்பிட்டேன். அந்த நேரம் பாத்து எங்க நாத்தனார் வேற வந்து நிக்கிறா. அவ ஒரு மாதிரி தம்பி, நாம விழுந்தா தூக்க மாட்டா, எப்படி விழுந்தோம்னு விளக்கம் சொல்லுவா. வண்டியைக் காயலான் கடையில போடுங்க அண்ணின்னா. சொன்னது அவங்க அண்ணன் காதுல விழுற தூரத்துல. அவர் ஒண்ணும் சொல்லல, சுவரைப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு.

என்ன கேட்டீங்க? ஆமா, அவருக்கு அந்த வண்டியோட ஒவ்வொரு நட்டும் அத்துப்படி. என்ன கோளாறுன்னு தெரிஞ்சுதான் இருந்திருக்கும். சொல்லல, அவ்வளவுதான். சொல்றேன், இருங்க.

ஒருநாள் காலையில ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு. அவரைப் பக்கத்து சீட்டுல உக்கார வச்சு பெல்ட்டு போட்டுவிட்டு, சோக்கை இழுத்து சாவியைத் திருகுறேன், திருகுறேன், அது பாட்டுக்கு ர்ர்ர்ருன்னு சுத்துது, பிடிக்க மாட்டேங்குது. எனக்கு ஆத்திரம். ஆக்சிலேட்டரைத் தையல் மிஷின் மாதிரி மிதிச்சேன். குப்புனு பெட்ரோல் வாடை. பிளக்கெல்லாம் நனைஞ்சு போச்சு, எனக்கு அது தெரியல, இன்னும் மிதிக்கிறேன். திடீர்னு பக்கத்துல இருந்து ஒரு கத்தல். ஏய் முண்டம், மிதிக்காதடி, சோக்கை உள்ள தள்ளு! தெருவே திரும்பிப் பாத்துச்சு. பால்காரர் சைக்கிளை நிறுத்திட்டாரு. நான் சோக்கைத் தள்ளுனேன், மிதிச்சு மிதிச்சு விடாம மிதியைத் தரையோட ஒரே அழுத்தா அழுத்திக்கிட்டுத் திருகுனேன், பிடிச்சுக்கிச்சு. எதுத்த வீட்டுக்காரம்மா துவைச்சுக் காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாம் அன்னிக்கு சாம்பல் கலரு. இன்னிக்கும் அந்தம்மா என்கிட்டப் பேசுறதில்ல.

அப்புறம்தான் நானே எறங்கிப் பாக்கணும்னு தோணுச்சு. வட்டமா இருக்குமே காத்து வடிகட்டி, அதோட மூடியைக் கழட்டிட்டு, பால்காரரைக் கூப்பிட்டு உள்ள உக்காந்து குமிழை இழுக்கச் சொன்னேன். இழுக்குறாரு, குமிழ் வெளிய வருது, கம்பி ஆடுது, தகடு மட்டும் அசையவே இல்ல. கிட்டக் குனிஞ்சு பாத்தா, கம்பியைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ, மிளகளவு இருக்கும், அது லூஸு. இதுக்கா தம்பி பேட்டரி, இதுக்கா கழுவல்? தையல் மிஷின் பெட்டியில கிடந்த குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முறுக்கிவிட்டேன். மறுநாள் காலையில ஒரே திருகல்தான். புகை இல்ல, இருமல் இல்ல, வண்டி பூனைக்குட்டி மாதிரி நிக்குது.

பின்ன எதுக்கு இப்பவும் தினம் இந்தக் கூத்துன்னுதானே கேக்குறீங்க? மறுபடி லூஸாயிடுச்சான்னா... என்ன, உங்ககிட்ட நல்ல ஸ்பேனர் செட் இருக்குங்கிறீங்களா? இருக்கட்டும், இருக்கட்டும். வேணாம் தம்பி, நீங்க அதுல கை வச்சிடாதீங்க. அது லூஸாகல, நான்தான் லூஸாக்குறேன். காலையில அவர் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி போய் ஒரு சுத்து.

சிரிக்காதீங்க, மூளை சரியாத்தான் இருக்கு எனக்கு. அவருக்கு மூளையில ரத்தம் அடைச்சுக்கிச்சு. கை காலெல்லாம் ஓரளவுக்குத் திரும்பிடுச்சு, பேச்சுதான் வரல. ஆமா, இவருக்குத்தான். மாடி வரைக்கும் கேக்குற அந்தத் தொண்டைக்காரருக்குத்தான். ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்குற பொண்ணு படம் காட்டுவா. குடை காட்டுவா, நாய் காட்டுவா, தம்ளர் காட்டுவா. இவரு அந்த நாயையே பாத்துட்டு இருப்பாரு, வாய் கோணிக்கிட்டு வரும், சத்தம் வராது, கண்ணுலதான் தண்ணி வரும். வீட்டுலயும் அப்படித்தான், தண்ணி வேணும்னாலும் கையைக் காட்டணும். ரத்தம் அடைச்சதுக்கப்புறம் அவர் வாயில இருந்து வந்த முதல் வார்த்தை, அந்த முண்டம்தான் தம்பி. இத்தனை வருஷக் குடித்தனத்துல எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கேன், திட்டுனதுக்காக ஸ்டியரிங்ல தலையைச் சாச்சு அழுதுகிட்டே சிரிச்சது அன்னிக்குத்தான். பைத்தியம்னு அதுக்கும் ஒரு திட்டு விழுந்துச்சு.

அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேன். கோவத்துல வர்ற பேச்சுக்கு மூளைக்குள்ள வேற வழி இருக்காம், சிலருக்கு அது முதல்ல திறக்குமாம். வர்றது வரட்டும்மான்னா. ஆனா வண்டியை நான் சரி பண்ணின மறுநாள், ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு வார்த்தை இல்ல. வீட்டுக்கு வந்து பழையபடி சுவரைப் பாத்து உக்காந்துட்டாரு. அன்னிக்கு சாயங்காலமே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டேன்.

இப்ப பரவாயில்ல. வீட்டு வாசல்ல ஆரம்பிச்ச திட்டு தெருமுனை வரைக்கும் வருது. பிரேக்கு, ஹாரனடி, லெப்ட்ல பாரு, இப்படி நடுநடுவுல நல்ல வார்த்தையும் கலந்து விழுது. போன வாரம், அறிவிருக்கா உனக்குன்னாரு. கேள்வி தம்பி, முழுக் கேள்வி! நான் போய்ச் சொன்னதும் அந்தப் பொண்ணு கையே தட்டிட்டா.

புகைக்கு வழி பண்ணிடறேன். நாளையில இருந்து பால்காரரை விட்டு வண்டியைத் தள்ளி, ரோட்டோரமா நிறுத்திட்டுக் கிளப்புறேன். சத்தத்தை மட்டும் கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கங்க. அவர்கிட்டப் போய் மரியாதையாப் பேசச் சொல்லி புத்தி கித்தி சொல்லிடாதீங்க, கேட்டுக்கிட்டு வாயை மூடிடப் போறாரு.

என் பேரு மட்டும்தான் இன்னும் அவர் வாயில வரல. நாளைக்கு இன்னொரு அரைச் சுத்து லூஸாக்கிப் பாக்கணும்.