ஆணி இல்லாத பெட்டி

இல்லைங்க தம்பி, அந்தப் பையைக் கீழ வெச்சுட்டு முதல்ல உக்காருங்க. ரம்பம்னா தள்ளி அறுக்கறதுதானேன்னு வாசல்ல நின்னு கேட்டீங்க பாருங்க, அதை அப்படியே விட்டுட்டு அடுத்த வேலைக்குப் போக எனக்கு மனசு வராது. உங்களைக் குத்தம் சொல்லலை. படிச்சவங்க, பெரிய பதவியில இருக்கறவங்க எல்லாருமே அப்படித்தான் நம்பிக்கிட்டிருக்காங்க. இந்த ஒரு நம்பிக்கையால மனுஷ குலத்துக்கு எத்தனை மூட்டை மரத்தூள் வீணாப் போயிருக்குன்னு இதுவரைக்கும் யாரும் யோசிச்சதில்லை. ரம்பம் தள்றதுக்கு இல்லை, தம்பி. இழுக்கறதுக்கு.

பெட்டிதானே? அதோ மேசை மேல இருக்கு. எங்கேயும் ஓடிடாது. ஆமா, பாஸ்போர்ட் உள்ளதான் இருக்கு. என் வீட்டுக்காரம்மாவோடது. போன்லயே எல்லாம் சொல்லியிருப்பாளே. நாலு மணிக்குக் கார் வருது, ஏர்போர்ட் போகணும், பொண்ணுக்குப் பிரசவம் நெருங்கிடுச்சு, பெட்டி திறக்க மாட்டேங்குது. எல்லாம் சரிதான். இப்ப மணி மூணுதானே ஆகுது. ஒரு மணி நேரத்துல ஒரு மனுஷன் எவ்வளவோ தெரிஞ்சுக்கலாம்.

இந்தாங்க, இதைக் கையில பிடிச்சுப் பாருங்க. ஐயோ, நுனியை இல்லை. பிடியை, பிடியை. இதுதான் ஜப்பான் ரம்பம். ரெண்டு பக்கமும் பல்லு. ஒரு பக்கம் மரத்தோட வாட்டத்துல அறுக்க, இன்னொரு பக்கம் குறுக்கால அறுக்க. தகடு எவ்வளவு மெல்லிசு பார்த்தீங்களா? தள்ளற ரம்பத்துக்குத் தகடு தடிமனா இருந்தாகணும், இல்லேன்னா மடங்கிடும். இழுக்கும்போது தகடு தானா விறைச்சு நிக்கும், அதனால மெல்லிசா இருந்தாலே போதும். நூலைப் பிடிச்சு இழுத்தா நேரா வரும், தள்ளினா சுருண்டுக்கும், இல்லையா? அவ்வளவுதான் விஷயம். இதை எங்க மச்சானுக்கு நாலு தடவை விளக்கினேன். நாலாவது தடவை அவரு, மாமா, நான் அறுக்கவே போறதில்லையே, எனக்கு எதுக்குன்னாரு. சிலருக்குத் தெரிஞ்சுக்கற ஆசையே கிடையாது.

என்னம்மா? ... ஆமா, வந்துட்டாரு! பார்த்துக்கிட்டே இருக்காரு! நீ சூட்கேஸைக் கட்டு!

நான் தச்சுத் தொழில்காரன் இல்லைங்க. அச்சுக்குப் போற புத்தகத்துல பிழை திருத்தறதுதான் முப்பது வருஷம் என் வேலை. ஓய்வு வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது. வீட்டுல உக்காந்திருந்தா யாரைத் திருத்தறது? இவளைத் திருத்திப் பார்த்தேன், முதல் வாரமே கைவிட்டுட்டேன். அப்புறம்தான் இந்தப் பக்கம் வந்தேன். அடுப்படியில ஒரு பலகை அடிச்சுக் குடுங்கன்னு இவ கேட்டா, அதுதான் ஆரம்பம். உங்களை மாதிரி ஒருத்தரைக் கூப்பிட்டிருந்தா அரை மணி நேர வேலை. நான் பலகையைத் தொடறதுக்கு முன்னாடி ஏழு மாசம் படிச்சேன்.

படிச்சு, ரம்பம் வாங்கினேன். அப்புறம் உளி. உளி ஒண்ணு வாங்கினாத் தனியா இருக்குமேன்னு ஆறு வாங்கினேன். உளி வந்தா சாணைக்கல்லு வேணும். அந்தக் கல்லைத் தண்ணியில ஊறப்போடணும். ஊறப்போடப் பாத்திரம் வேணும். அடுப்படியில இருந்ததுலயே நல்ல பாத்திரத்தை எடுத்தேன். அன்னைக்கு வீட்டுல நடந்ததை விடுங்க, அது நம்ம விஷயத்துக்கு வெளியில. கூர் சரியா வந்துச்சான்னு பார்க்கறதுக்கு ஒரே வழி, உளியை முன்கையில வெச்சு மெதுவா இழுக்கறது. முடி உதிர்ந்தா கூர் வந்துடுச்சுன்னு அர்த்தம். என் இடது கையைப் பாருங்க. குழந்தைக் கை மாதிரி இருக்கா? என் கொழுந்தியா இதைப் பார்த்துட்டு, அக்கா, மாமாவுக்கு ஏதோ தோல் வியாதி, சீக்கிரம் காட்டுங்கன்னு அழுதுட்டா. இவ சொன்னா, அது தோலுக்கு வந்த வியாதி இல்லைடின்னு.

அதைத் தொடாதீங்க! மன்னிச்சுக்குங்க, கத்திட்டேன். டிவிக்குப் பக்கத்துல பட்டுத்துணி மேல இருக்குல்ல, அதுதான் என் ஜப்பான் இழைப்புளி. அதையும் இழுத்துத்தான் இழைக்கணும். திருகாணி, கைப்பிடி ஒண்ணும் கிடையாது. ஒரு மரக்கட்டை, ஒரு அலகு. சுத்தியலால அலகு தலையில ஒரு தட்டு தட்டினா வெளிய வரும், கட்டையோட பின்பக்கம் தட்டினா உள்ள போகும். தட்டுன்னா நீங்க நினைக்கற தட்டு இல்லை. தூங்கற குழந்தையை எழுப்பாம முதுகுல தட்டுவோமே, அந்தத் தட்டு. ஆனா வந்த உடனே அதை வேலை வாங்கக்கூடாது. அது வேற ஊர்க் காத்துல வளர்ந்த கட்டை. நம்ம வீட்டுக் காத்து, நம்ம வெயிலு, நம்ம மழை எல்லாம் பழகணும். ஒரு வருஷம் சும்மா விடணும். விட்டேன்.

முழுசா ஒரு வருஷம், தம்பி. வெயில் அடிக்குதுன்னு அந்த ஜன்னலைத் திறக்க விடலை. காத்து நேராப் படுதுன்னு ஃபேனை மாத்தி மாட்டினேன். வர்றவங்க யாரையும் பக்கத்துல காபி டம்ளர் வைக்க விடலை. இவ அதுக்குப் பேரே வெச்சுட்டா, வீட்டோட மாப்பிள்ளைன்னு. நல்ல இடத்துல உக்காந்திருக்கு, ஒரு வேலையும் செய்யாது, மரியாதை மட்டும் குறையக்கூடாது. நெஜ மாப்பிள்ளை வந்து தங்கின பத்து நாளும் அவரைக் குட்டை ஸ்டூல்லதான் உக்கார வெச்சேன். சோபா இதுக்கு ரொம்பப் பக்கம்.

ஆனா அந்த வருஷம் முடிஞ்சு முதல் சீவல் வந்துச்சு பாருங்க! பலகை முழு நீளத்துக்கும் ஒரே இழை. எடுத்து ஒரு புத்தகப் பக்கத்து மேல போட்டேன், கீழ இருக்கற எழுத்து அத்தனையும் தெரியுது. படிச்சேன். மூணாவது வரியில ஒரு பிழை. சீவல் வழியா பார்த்தும் கண்ணுல பட்டுடுச்சு. அவ்வளவு மெல்லிசு.

அடுப்படிப் பலகையா? இழைச்சேன். இழைக்க இழைக்க அழகாயிட்டே இருந்துச்சா, நிறுத்த மனசு வரலை. கடைசியில அது மேல ஒரு டப்பா வெச்சா நடுவுல தொங்குது. இப்ப காய் நறுக்க வெச்சிருக்கா.

மூணே காலா? இருக்கட்டும், சொல்லி முடிச்சுடறேன். இது தெரியாம பெட்டியில கை வெச்சீங்கன்னா தப்பாயிடும்.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இவ சொன்னா, நான் ஊருக்குப் போறதுக்குள்ள உருப்படியா ஒரே ஒரு சாமான் செஞ்சு காட்டுங்க பார்ப்போம்னு. அப்பச் செஞ்சதுதான் இந்தப் பெட்டி. ஆணி கிடையாது. பசை கிடையாது. மூலைக்கு மூலை மரமும் மரமும் கை கோத்துக்கிட்டிருக்கு. மூடி மேல தூக்கற மூடி இல்லை, ரெண்டு பக்கமும் வெட்டின பள்ளத்துல நகர்ற மூடி. நகம் வைக்க ஒரு குழி வெட்டலாமேன்னு கேப்பீங்க. வெட்டினா இந்த ரேகை கெட்டுப் போகும். பாருங்க, தண்ணி ஓடற மாதிரி இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கு எப்படிப் போகுது. அதனால ரெண்டு முனையும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதுதான் அழகு.

இவ பார்த்தா. விரலால ஒரு தடவை தடவினா. அப்புறம் உள்ள போயி பாஸ்போர்ட்டை எடுத்துட்டு வந்து, இதுக்குள்ள இருக்கட்டும், தொலையாதுன்னா. முப்பத்தொரு வருஷத்துல அவ எனக்குக் குடுத்த பெரிய பாராட்டு அதுதான். நானே மூடியைத் தள்ளி மூடினேன்.

பத்து நாள் கழிச்சு, நேத்து சாயந்தரம், திறக்கப் பார்த்திருக்கா. இழுத்திருக்கா. வரலை. என்னைக் கூப்பிட்டா. நானும் இழுத்தேன். வரலை. அப்புறம் அவளை உக்கார வெச்சு விளக்கிச் சொன்னேன். நாலு நாளா மழை. மரம் ஈரத்தைக் குடிக்கும். நீளவாக்குல வளராது, அகலவாக்குலதான் உப்பும். மூடி அகலத்துல உப்பி ரெண்டு பள்ளத்தையும் இறுக்கிப் பிடிச்சிருக்கும். இழைப்புளியை ஒரு வருஷம் பழக்கினேன், பலகையை ரெண்டு நாள்கூடப் பழக்கலை, என் தப்புதான், இனி வெயில் வந்தாத்தான் விடும்னு சொன்னேன். நல்லா இருந்துச்சு தம்பி, அந்த விளக்கம். ஒரு ஓட்டை கிடையாது. இவ கேட்டுட்டு, நேரா போனை எடுத்து உங்களைக் கூப்பிட்டுட்டா.

எத்தனை நாளைக்குப் போறாளா? ஆறு மாசம்.

நானா? இல்லை, நான் போகலை. பொண்ணு ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் ஏற்பாடு பண்ணினா. எனக்கும் விசா வந்தாச்சு. டிக்கெட் போடற நேரத்துலதான் நான் மாட்டேன்னுட்டேன். எப்படிங்க போறது? இழைப்புளிக்கு இது ரெண்டாவது மழைக்காலம். வாரத்துக்கு ஒரு தடவை அடிப்பக்கம் நேரா இருக்கான்னு பார்க்கணும், அலகைத் தட்டிக் குடுக்கணும். இதை யார்கிட்ட விட்டுட்டுப் போறதுன்னு கேட்டேன். இவ, அப்ப நீங்க அதோடயே இருங்கன்னா. சண்டையெல்லாம் போடலை. சண்டை போட்டிருந்தா எதிர்த்துப் பேசியிருப்பேன், பேச்சுல எங்கேயாவது ஒரு இடத்துல தோத்துக் கொடுத்துட்டு டிக்கெட் போட்டிருக்கலாம். அவ போடலையே.

முந்தா நாள்லேர்ந்து எல்லாத்துலயும் சீட்டு ஒட்டி வெச்சிருக்கா. காபித்தூள் இங்க. மாத்திரை காலையில ஒண்ணு. கேஸை மூடுங்க. அடுப்படிக்குள்ள போனா புத்தகம் படிக்கற மாதிரி இருக்கு. ஒரு பிழை இல்லைங்க. நானும் தேடித் தேடிப் பார்த்துட்டேன்.

அடடே, அந்தப் பெரிய ரம்பத்தை ஏன் எடுக்கறீங்க? இல்லை, வேண்டாம். சொன்னாக் கேளுங்க. அதோட தடிமனுக்கு என் மூடியில பாதி தூளாப் போயிடும். அறுத்துத்தான் ஆகணும்னா என் ரம்பத்தால அறுக்கலாம், ஆனா அதுக்கு முதல்ல கோடு போடணும். பென்சிலால இல்லை, கத்தி முனையால. அதுக்கு முன்னாடி கத்தியைச் சாணை பிடிக்கணும். கல்லு ஊற ஒரு இருபது நிமிஷம்.

மணி மூணே முக்கால்னு எனக்கும் தெரியுதுங்க.

ஏன் அப்படித் திருப்பித் திருப்பிப் பார்க்கறீங்க? ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னேனே. அந்த முனையில கட்டைவிரலை வெச்சு என்ன பண்றீங்க, அதெல்லாம் அப்படி...

ம்.

சத்தம் போடாதீங்க. மூடுங்க. மெதுவா. முழுசா மூடுங்க தம்பி, தயவு பண்ணுங்க.

தெரியும். அந்த முனையிலேர்ந்துதான் திறக்கும். இந்த முனையில பள்ளம் முடிஞ்சுடுது. இந்தப் பக்கமா இழுத்தா யானை வந்தாலும் வராது. இவ நேத்து இந்தப் பக்கம்தான் இழுத்தா. தற்செயல்தான், நான் ஒண்ணும் பண்ணலை. கூப்பிட்டப்ப நானும் வந்து இதே பக்கம் இழுத்தேன். அவ்வளவுதான் நான் பண்ணினது.

மழையா? மழை பெய்ஞ்சது உண்மைதான். மரம் உப்பறதும் உண்மைதான். இந்த மூடி உப்பலை. செய்யும்போதே அதுக்கு இடம் விட்டுத்தான் செஞ்சேன். நான் என்ன அவ்வளவு பெரிய முட்டாளா?

அடுத்த ஃப்ளைட்டு வெள்ளிக்கிழமை. இன்னைக்குத் திங்கள். பிரசவத்துக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு, ஒண்ணும் கெட்டுப் போகாது. இந்தக் கார் போயிட்டா நாலு நாள் கிடைக்கும். நாலு நாள்ல ஏதாவது ஒரு பேச்சு வரும், நானும் வர்றேன்னு சொல்ல ஒரு இடம் கிடைக்கும். ரெண்டு வருஷம் அந்தக் கட்டையைப் பத்திப் பேசின வாயால, கட்டை கிடக்கட்டும்னு திடீர்னு எப்படிங்க சொல்றது? அதுக்குத்தான் உங்களை உக்கார வெச்சுப் பேசிக்கிட்டிருந்தேன். நீங்களும் பொறுமையாத்தான் கேட்டீங்க. இன்னும் ஒரு கால் மணி நேரம், தம்பி. கூலியை வாங்கிக்குங்க, திறக்கலைன்னு மட்டும் சொல்லிடுங்க.

என்ன, அங்க என்ன பார்க்கறீங்க?

... எவ்வளவு நேரமா அங்க நிக்கறே?

இல்லைம்மா, இப்பத்தான், தம்பி சும்மா அழுத்திப் பார்த்தாரு, மழை விட்டு வெயில் வந்துச்சா, அதுல மரம் கொஞ்சம்...

சரி. எடுத்துக்கோ.

என் பாஸ்போர்ட்டா? அலமாரியில இருக்கும். நடுத்தட்டுல. அது எதுக்கு இப்ப?

தம்பி, வீட்டோட மாப்பிள்ளையை நீங்க வாரத்துக்கு ஒரு நாள் வந்து பார்த்துக்குவீங்களான்னு கேக்கறா. பட்டுத்துணி வேண்டாமாம். ... மெதுவாத் தட்டணும், இல்லையா, நான் சொன்னேனே? அந்த மாதிரி.

நான் வெள்ளிக்கிழமை ஃப்ளைட்டுல வர்றேன்னு நீயே பொண்ணுக்குச் சொல்லிடுவியா? ... சரி.

கார் வந்துடுச்சு போல. ஹாரன் கேக்குது. என் பாஸ்போர்ட்டை ஏன் அந்தப் பெட்டிக்குள்ள வெக்கறே? பேனா எதுக்கும்மா? அது பால்பாயிண்ட். அது மரத்துல...

தம்பி, இவ சூட்கேஸை ஒரு கை பிடிங்க, கார்ல ஏத்திட்டு வந்துடலாம். பெட்டி அங்கேயே இருக்கட்டும். மூடி மேல இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் ஒரு அம்புக்குறி போட்டிருக்கா.