ஜேசனின் சாயங்காலம்

– அதான் கேக்கறேன். காணிக்கைக் கவர்ல எழுதிப் போடற, ஆயர் மைக்ல வாசிக்கறாரு, ‘அசரியாவின் கேம் முயற்சியை ஆண்டவர் ஆசீர்வதித்ததற்காக.’ சபை முழுக்கக் கேக்குது. எனக்கும் அப்பத்தான் தெரியணுமா?

– மச்சான், அது பிளஸ்ஸி போட்ட கவர்டா. உன்கிட்ட நேர்ல சொல்லலாம்னு இருந்தேன். ஆராதனை முடிஞ்சு பாத்தா நீ வண்டிய எடுத்துட்டுக் கெளம்பிட்ட.

– ஃபோன் இல்ல?

– சரி, இப்ப சொல்றேன். அந்த லாரி கேம் கம்பெனிக்காரங்க என் ஃபில்டரை எடுத்துக்கிட்டாங்க. அடுத்த அப்டேட்ல கேமோடவே வரும், என் பேர் போட்டு. போதுமா ஜேசன்?

– போதும்.

– ஒரு கங்கிராட்ஸ் சொல்லேன்டா.

– சொல்றேன்.

– எப்ப?

– அண்ணா! எப்ப வந்தீங்க? கேட் சத்தமே கேக்கல. இருங்க, டீ போடறேன்.

– வேணாம் பிளஸ்ஸி.

– அதெப்படி? கோவிலம்பாக்கத்துலேர்ந்து தாம்பரத்துக்கு இந்த வெயில்ல வந்திருக்கீங்க. உங்க ஃப்ரெண்டைப் பாருங்க, காலையிலேர்ந்து கால் தரையில படல. எங்கம்மா தண்ணி ஃபில்டர்னு நெனச்சு, எத்தனை லிட்டர்னு கேக்கறாங்க.

– உனக்குச் சொன்னேன்ல பிளஸ்ஸி? கேமை நாங்க தொடறதே இல்ல. அது வரையற படத்துக்கு மேல ஒரு கலர் கண்ணாடி மாட்டற மாதிரி. அதே ரோடு, அதே லாரி, ஆனா மொட்டை வெயில் மப்பு மந்தாரமாத் தெரியும்.

– கண்ணாடி மாட்டறதுக்கா இவ்ளோ அலட்டல்? இருங்கண்ணா, வரேன்.

– கேட்டியா மச்சான், வீட்ல என் மரியாதைய.

– உன்னோடத போட்டுக் காட்டு அசரியா.

– நெட்ல பாத்திருப்பியே.

– பாத்தேன். நல்லா இருக்கு. அதான் பிரச்சனை. சிறுசேரி ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு அதையே பாக்கறேன். கமெண்ட் ஒண்ணு விடாம படிக்கறேன், எவனாவது நல்லா இல்லன்னு எழுதியிருக்கானான்னு.

– எழுதியிருக்கானா?

– ஒருத்தன் எழுதியிருந்தான். அவனுக்கு லைக் போட்டேன்.

– அடப்பாவி!

– சிரிக்காத. நானும் ஒரு ஃபில்டர் பண்ணேன், ஞாபகம் இருக்கா? சாயங்காலம்னு பேர் வச்சேன். மழை விட்டதும் மாடம்பாக்கம் ஏரி மேல ஒரு வெளிச்சம் வந்து நிக்கும். போறப்ப வரப்பல்லாம் வண்டிய நிறுத்திப் பாப்பேன். அத அப்படியே அந்த கேம்ல கொண்டுவரணும்னு மாசக்கணக்கா உக்காந்தேன். உனக்கு மட்டும்தான் அனுப்பினேன். நீ என்ன சொன்ன?

– பழசெல்லாம் எதுக்கு இப்ப?

– மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்குன்ன.

– இருந்துச்சு மச்சான். உள்ளதைத்தான் சொன்னேன்.

– என் லேப்டாப்ல அப்படித் தெரியல. லேப்டாப் பழசு, அதுதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன். நம்ம ரெண்டு பேர்ல உனக்குத்தான் கண்ணுன்னு நம்பினேன். அன்னைக்கே அழிச்சுட்டேன். அதோட இந்த ஃபில்டர் பக்கமே வரல.

– நான் ஒரு வார்த்தை சொன்னா அழிச்சுடுவியாடா?

– போட்டுக் காட்டு.

– இந்தா. மலை ரோடு. எப்படி?

– நான் பாத்தது இப்படி இல்லயே. ஃபில்டரை எடு.

– எடுத்தாச்சு.

– இப்ப வெறும் கேம்தானே?

– வெறும் கேம்தான்.

– முன்னாடி போற லாரி என்ன கலர்?

– வெள்ளை.

– வெள்ளையா இது? நல்லா பாரு. பழைய பேப்பர் மாதிரி இருக்கு. தள்ளு, மவுஸைக் குடு… அசரியா. நைட் மோட் ஆன்ல இருக்குடா. கண்ணு கூசாம இருக்க ஸ்கிரீனை மஞ்சளாக்கும்ல, அது. பட்டப்பகல்ல!

– எங்க?

– இந்தா, எடுத்துட்டேன். இப்ப பாரு லாரிய.

– ஆமா… வெள்ளை.

– அப்ப என்னோடதையும் நீ இப்படித்தான் பாத்திருக்க. மஞ்சள் என் சாயங்காலத்துல இல்ல. உன் ஸ்கிரீன்ல.

– அப்படித்தான் இருக்கணும் மச்சான். சே, கவனிக்கவே இல்ல பாரேன். மன்னிச்சுக்கடா.

– மன்னிக்கறதா? டேய், எனக்கு இப்பத்தான் மூச்சே வருது. எனக்குக் கண்ணு கெடையாதுன்னு நெனச்சுக்கிட்டே சுத்திட்டிருந்தேன். உன்மேல எவ்ளோ எரிஞ்சேன் தெரியுமா? விடு. கங்கிராட்ஸ்டா. மனசாரச் சொல்றேன்.

– தேங்க்ஸ் மச்சான்.

– எடுத்துக்குங்கண்ணா, சூடா இருக்கு. என்ன, ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு நிக்கறீங்க?

– ஒண்ணுமில்ல பிளஸ்ஸி. எல்லாம் இந்த நைட் மோட் பண்ண வேலை.

– ஐயோ, எடுத்துட்டீங்களா? நான் போட்டது. ஸ்கூல் பிள்ளைங்க மார்க்கெல்லாம் இதுலதான் ஏத்தறேன், ஒரே தலைவலி. கண் டாக்டர் சொன்னாருன்னு முந்தாநாள்தான் போட்டேன்.

– முந்தாநாளா?

– பிளஸ்ஸி, உள்ள பால் பொங்கிடப் போகுது.

– அடுப்பை அணைச்சுட்டுத்தாங்க வந்தேன்.

– இரு அசரியா. அதுக்கு முன்னாடி நைட் மோட் போட்டதே இல்லயா, பிளஸ்ஸி?

– முன்னாடியா? கம்பெனி எடுத்துக்கற வரைக்கும் இவரு என்னை அந்த ஸ்கிரீன் பக்கமே விடமாட்டாரேண்ணா. ஒரு பொட்டு கலர் மாறினாலும் கத்துவாரு.

– போதும், உள்ள போ.

– என்னங்க போதும்? அண்ணனைப் பத்தி நல்லதுதானே சொல்ல வரேன். ஊருக்கெல்லாம் தன்னோடதைக் குடுத்துட்டு, இவரு தனியா உக்காந்து விளையாடறப்ப போட்டுக்கறது உங்க சாயங்காலம்தாண்ணா. வேற எதையும் போட்டு நான் பாத்ததே இல்ல.