பி.எஃப். எடுக்க ஒரு காரணம்

சவரிமுத்து: …அதான் பவுலினு, உன் போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும். சொல்லேன்.

பவுலின்: சிக்னலுக்காக மாதா கோயில் மேட்டுல ஏறி நிக்கிறேன். இன்னா நம்பருங்க அது?

சவரிமுத்து: கேஸுக்கு…

பவுலின்: சிலிண்டர் நேத்துதான வந்துது? இதுல பி.எஃப்.னு போட்டிருக்குது.

சவரிமுத்து: பத்தாவது படிச்சவளக் கட்டினது தப்பாப் போச்சு.

பவுலின்: பதினெட்டு வருசம் கழிச்சா தெரியுது? எங்க இருக்கீங்க, கம்பெனி போகல?

சவரிமுத்து: லீவு. சங்கராபுரத்துல கம்ப்யூட்டர் சென்டர்ல ஒக்காந்துக்கினு இருக்கேன். பத்து நிமிசம் போனா நம்பர் செல்லாது.

பவுலின்: செருப்புக் கம்பெனிய வுட்டுட்டீங்களா?

சவரிமுத்து: வுட்டாதான் முழுசா தருவாங்க. வேலைல இருக்கச்ச கொஞ்சம் எடுக்கலாம். அதுக்கும் காரணம் கேக்குது.

பவுலின்: இன்னா போட்டீங்க? வூடா?

சவரிமுத்து: வூட்டுக்கு அஞ்சு வருச சர்வீஸ் வேணும். எனக்கு நாலுதான்.

பவுலின்: அப்போ கல்யாணமா? யாரு பொண்ணு?

சவரிமுத்து: அதுக்கு ஏழு. அதுவரைக்கும் அவ காத்துக்கினு இருப்பாளா?

பவுலின்: இந்த மூஞ்சிக்கு இருப்பா, இருப்பா…

சவரிமுத்து: ஒடம்பு சரியில்லன்னா வருசக் கணக்கு இல்ல.

பவுலின்: கல்லாட்டம் இருந்துக்கினு பொய் எழுதறீங்களா? ஞாயித்துக்கெழம பூசைக்கு எப்படிப் போவீங்க?

சவரிமுத்து: எனக்குன்னு போடல. பொண்டாட்டிக்கும் எடுக்கலாமாம்.

பவுலின்: …யாரு சொன்னா?

சவரிமுத்து: யாரும் சொல்லல. ஆதார் தேடச்ச ரேசன் கார்டு உறையில உன் ஸ்கேன் சீட்டு இருந்துது. கள்ளக்குறிச்சியில எடுத்தது. ரெண்டு மாசம் ஆவுது…

பவுலின்: சாதாரணக் கட்டிதாங்க. எடுத்துட்டா சரியாயிடும்னாங்க.

சவரிமுத்து: ஏன் சொல்லல?

பவுலின்: சொன்னா இந்தப் பணத்துலதான் கைய வைப்பீங்க. வயசான காலத்துக்குன்னு புடிக்கிறது.

சவரிமுத்து: வயசான காலத்துல நான் ஒண்டியா இன்னா பண்றது? நம்பரச் சொல்லு.

பவுலின்: …நாலு, ஏழு, ஒண்ணு… ஒண்ணு, எட்டு, ரெண்டு.

சவரிமுத்து: போட்டாச்சு. இனிமே போய் டாக்டர்கிட்ட ஆபரேசனுக்குத் தேதி கேக்கணும்.

பவுலின்: கேக்க வேணாங்க. கம்மல அடகு வச்சு முடிச்சுக்கலாம்னு போன வாரமே தேதி வாங்கிட்டேன், அடுத்த மாசம் ஆறு. உங்ககிட்ட அக்கா வூட்டுக்குப் போறேன்னு சொல்லலாம்னு இருந்தேன்… ஆஸ்பத்திரியில கூட இருக்க ஆளில்லன்னு எழுதிக் குடுத்துட்டேன். அத மட்டும் போய் மாத்தணும்.