பேய்ப்படம்னா கையப் பிடிப்பா

எனக்குப் பேய்ப்படம்தான் மேடம் பிடிக்கும். சூப்பர்ஹீரோ படம்னா பாதியிலயே தூங்கிடுவேன். நீங்க டீயக் குடிங்க, ஆறிடப் போகுது. கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்றேன், எதையும் மறைக்கப் போறதில்ல. ஆனா படத்துலேருந்து ஆரம்பிச்சாத்தான் எனக்குக் கோர்வையா வரும்.

நான் ஒண்ணும் சினிமாப் பைத்தியம் இல்ல. லிஃப்ட் மெக்கானிக். வாரம் பூரா கிரீஸும் கையுமா அலையறவன், சனிக்கிழமை சாயங்காலம் போய் ஏசியில உக்காருவேன், அவ்வளவுதான். ஆனா பாத்தவரைக்கும் சொல்றேன். இப்ப வர்ற சூப்பர்ஹீரோ படத்துல யாருக்கும் எதுவும் ஆகறதே இல்ல. போன படத்துல செத்தவன் இந்தப் படத்துல வேற உலகத்துலேருந்து கதவத் திறந்துகிட்டு வந்து நிக்கறான். தியேட்டரே விசிலடிக்குது. கட்டடம் கட்டடமா இடிஞ்சு விழுது, உள்ள இருந்த ஜனங்க என்ன ஆனாங்கன்னு கேக்க நாதியில்ல. பேய்ப்படத்துல அப்படியில்ல. செத்தவன் செத்தவன்தான். திரும்பி வந்தா அது அவன் இல்ல, வேற என்னமோ. கதவச் சாத்தித் தாப்பாப் போட்டாகணும். அதுல ஒரு ஒழுங்கு இருக்கு.

இன்னொண்ணும் கவனிச்சிருக்கேன். சூப்பர்ஹீரோ படத்துல பிள்ளைங்களுக்குப் பக்கத்து சீட்டுல யார் இருக்காங்கன்னே மறந்துடும். வாயப் பொளந்துகிட்டு திரையையே பாக்கும். பேய்ப்படம்னா கை தானா வந்து நம்ம கையத் தேடும். அதனால குடும்பத்தோட பாக்கறதுன்னா பேய்ப்படம்தான் பாக்கணும்னு நான் சொல்லுவேன். கேக்கறவங்க சிரிப்பாங்க.

குருவிய முதல்ல கூட்டிட்டுப் போனது அதுக்குத்தான். என் பொண்ணு. வீட்டுல குருவின்னு கூப்பிடுவோம், எட்டு வயசு. நீங்க ‘மனைவியின் மகள்’னு எழுதறீங்க. தலைகீழா இருந்தாலும் எனக்குப் படிக்க வருது மேடம். எழுதிக்குங்க, அதக் கடைசியில பேசிக்கலாம்.

நான் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தப்ப அவளுக்கு ஆறு வயசு. பெத்த அப்பன் ஸ்கூல் பஸ் டிரைவர். காய்ச்சல்னு படுத்தவன் எந்திரிக்கல. உயிரோட இருந்தப்ப ராத்திரி எட்டு மணிக்கு மேல வந்து, சாப்பிட்டுத் தூங்கற மனுஷன்தானாம், என் வீட்டுக்காரியே சொல்லியிருக்கா. செத்த மாடு படி படியா பால் கறந்துச்சுன்னு சொல்வாங்களே, அந்தக் கதை. செத்தப்புறம் அவன் பறக்க ஆரம்பிச்சுட்டான். குருவி வரையற படத்துலயெல்லாம் சிவப்புத் துணி கட்டிக்கிட்டு ஒரு ஆள் மேல பறப்பான். கீழ பஸ் நிக்கும்.

என்னைய ‘மாமா’ன்னு கூப்பிட்டா. தப்பில்ல, ஆரம்பத்துல எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான்னு அவ அம்மா சொன்னா. நானும் காத்திருந்தேன். தலை சீவி விட்டேன். சனிக்கிழமைல அவ அம்மா மருந்துக்கடை வேலைக்குப் போயிடுவா, பிள்ளையக் குளிப்பாட்டி, சாதம் ஊட்டி, துணி மடிச்சு வச்சது நான். எள்ளுன்னா எண்ணெயா நின்னேன். ‘தேங்க்ஸ் மாமா’ம்பா. கடைக்காரருக்குச் சொல்ற மாதிரி மரியாதையாச் சொல்லுவா. எனக்கு வலிச்சுது மேடம். வெளிய காட்டிக்கல.

முதல் பேய்ப்படம் பாத்தப்ப, திரையில இருட்டு ரூம்ல ஒரு நாற்காலி தானா ஆடுச்சு. சின்னக் கை ஒண்ணு என் முழங்கையப் பிடிச்சுது. அப்புறம் உள்ளங்கைக்குள்ள வந்துடுச்சு. ஜில்லுன்னு இருந்துச்சு, விரல்ல பாப்கார்ன் உப்பு. படம் முடியறவரைக்கும் நான் கைய அசைக்கல, மரத்துப் போச்சு. அதுலேருந்து பேய்ப்படம் எது வந்தாலும் போவோம். அம்மாகிட்ட கார்ட்டூன் படம்னு சொல்லிக்குவோம். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அப்படி ஒரு ரகசியம் இருந்தது எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு.

ஒரு படத்துல செத்துப்போன அப்பா திரும்பி வருவார். ராத்திரி மகளோட ஜன்னலத் தட்டுவார், அதே குரல். பொண்ணு திறந்துடும். வந்தது அப்பா இல்ல. படம் விட்டு வர்றப்ப குருவி கேட்டா, “மாமா, எல்லாரோட அப்பாவும் அப்படித்தான் வருவாங்களா?” ‘தெரியலையேம்மா’ன்னேன். அது பொய்யா மேடம்? எனக்கு நெஜமாவே தெரியாது.

மறுநாள் பாத்தா, அவ கட்டில் பக்கத்துல இருந்த அவங்கப்பன் போட்டோ அலமாரிக்குள்ள, போர்வைக்கு அடியில கிடக்குது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க? என் வீட்டுக்காரிதான் பிரச்சனையக் கிளப்பினா.

“பிள்ளைகிட்ட என்ன சொன்னீங்க?”

“நான் ஒரு வார்த்தை சொல்லல.”

“அவ தூங்கறப்ப ஜன்னலப் பாத்துக்கிட்டு அழறா.”

“என் பக்கத்துல வந்து படுத்துக்கச் சொல்லு”ன்னேன். அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. ஆனா குருவி வந்து படுத்துக்கிட்டா. கொஞ்ச நாளைக்கு அந்த வீட்டுல நாங்க மூணு பேர் மட்டும்தான் இருந்தோம். அதுக்கு முன்னாடி எப்பவும் நாலு பேர்.

அந்தச் சமயத்துலதான் அவளுக்கு என் வேலையக் காட்டினேன். நாங்க குடியிருக்கற கட்டடத்து லிஃப்ட்டையும் நான்தான் பாத்துக்கறேன். நடுவுல நின்னுட்டா ஆளுங்கள எப்படி வெளிய எடுப்பேன்னு கேட்டா. எனக்கு ஒரே பெருமை. உள் கதவக் கையால தள்ளினா விலகும்னு காட்டினேன். வெளிக் கதவு மேல ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், அத அழுத்தினா பூட்டு விட்டுடும்னும் காட்டினேன். “அப்ப நீங்களும் ஹீரோதான் மாமா”ன்னா. அந்த வார்த்தைய நான் ரொம்ப நாள் வச்சிருந்தேன்.

அப்புறம் அந்த சூப்பர்ஹீரோ படம் வந்துச்சு. என் வீட்டுக்காரி லீவு போட்டா. “நீங்கதான் தூங்கிடுவீங்களே”ன்னு சொல்லி, தாயும் மகளுமா போயிட்டாங்க. திரும்பி வந்து குருவி வாயில சோத்த வச்சுக்கிட்டே கதை சொல்றா. ஹீரோயின் சின்னப் பொண்ணாம். அப்பா செத்து வேற உலகத்துல இருக்காராம். நடுவுல துருப்பிடிச்ச இரும்புக் கதவாம். யார் தள்ளியும் திறக்கலயாம். அவ ரெண்டு கையாலயும் தள்ளறாளாம், அப்பா அந்தப் பக்கத்துலேருந்து ‘வா’ங்கறாராம். தட்டுக்கு மேல ரெண்டு கையையும் நீட்டித் தள்ளிக் காட்டினா. அவ அம்மா கண்ணத் துடைச்சுக்கிட்டா.

மறுநாள் போட்டோ பழையபடி கட்டில் பக்கத்துல. என் பக்கத்துல வந்து படுக்கறதும் நின்னு போச்சு. அப்பன் இல்லாத பிள்ளைகிட்ட செத்தவன் திரும்பி வருவான்னு சொல்றதுக்கு இவங்களுக்கு யார் அனுமதி குடுத்தா? பேய்ப்படத்துக்கு மட்டும் பெரியவங்களுக்குன்னு முத்திரை குத்தறீங்க. இதுக்கு ஒண்ணும் கிடையாது. எனக்கு அது நியாயமாப் படல.

ஆனா அந்தப் படங்கள்லேருந்து நானும் ஒண்ணக் கத்துக்கிட்டேன். ஹீரோ சீக்கிரம் வரக் கூடாது. ஆரம்பத்துலயே வந்து காப்பாத்தினா அது வெறும் வேலை, கைதட்டு கிடையாது. இனிமே யாரும் வரமாட்டாங்கன்னு ஆனப்புறம் வரணும். யோசிச்சுப் பாத்தேன், எனக்கு ஏன் ‘தேங்க்ஸ் மாமா’ மட்டும் கிடைச்சுதுன்னு புரிஞ்சுது. நான் எல்லாத்துக்கும் சீக்கிரமாவே போய் நின்னுட்டேன்.

அன்னைக்கு நான் மொட்டை மாடி மோட்டார் ரூம்ல இருந்தேன். ஸ்கூல் வேன் வந்து நின்னது மேலேருந்து தெரிஞ்சுது. லிஃப்ட் கீழேருந்து கிளம்பி நாலாவது மாடி தாண்டினதும் மெயின் சுவிட்ச இறக்கினேன். செஞ்சது அவ்வளவுதான். கரண்ட் போனா உள்ள பேட்டரி லைட் எரியும். அதோட ஒயரக் காலையிலயே கழட்டி வச்சிருந்தேன், வெளிச்சம் இருந்தா பயம் வராது. காத்து உள்ள வரும், மூச்சு முட்டாது. அதெல்லாம் யோசிக்காம செய்யற ஆள் இல்ல நான்.

வாட்ச்மேன் போன் பண்ணினார். “தம்பி, லிஃப்ட் நின்னுடுச்சு, பாப்பா உள்ள இருக்குப்பா”ன்னு பதறினார். நான் “தூரத்துல இருக்கேண்ணே, வந்துகிட்டே இருக்கேன், யாரும் கதவத் தொடாதீங்க”ன்னேன். நல்ல மனுஷன், கீழயே நின்னுகிட்டு “பயப்படாத கண்ணு, மாமா வர்றாரு”ன்னு கத்திக்கிட்டிருந்தாராம். அவர் மேல ஒண்ணும் தப்பில்ல, அத எழுதிக்குங்க.

லிஃப்ட்டுக்குள்ள பேச மோட்டார் ரூம்ல ஒரு ரிசீவர் உண்டு. எடுத்துக் காதுல வச்சேன். பேசல. முதல்ல மணிய அடிச்சா. அப்புறம் ஸ்கூல்ல சொல்லிக் குடுத்த பாட்ட முணுமுணுத்தா. நடுவுல மறந்துட்டு முதல்லேருந்து ஆரம்பிச்சா. அப்புறம் “யாராவது இருக்கீங்களா?”ன்னா. அழ ஆரம்பிச்சா. இறங்கிப் போயிடலாம்னு ரிசீவர வைக்கப் போனேன். அப்பத்தான் கூப்பிட்டா.

“அப்பா”ன்னு கூப்பிட்டா.

ரெண்டு வருஷம் மேடம். அந்த ஒரு வார்த்தைக்காக ரெண்டு வருஷம். உடனே ஓடியிருக்கலாம். ஓடல. இன்னொரு தடவ கேக்கணும்னு இருந்துச்சு. முதல் தடவ அழுகையில சரியாக் கேக்கல.

அந்த ரூம்ல செவுத்துல ஒரு தகடு சாஞ்சிருந்துச்சு. லிஃப்ட் கூண்டுக்கு அடியில தொங்கற தகடு அது. கூண்டு ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா, கீழ் மாடி வாசலுக்கும் கூண்டுக்கும் இடையில சந்து விழும். இறங்கறவங்க சறுக்கினா அந்தச் சந்து வழியா கீழ பள்ளத்துக்கே போயிடுவாங்க. அத மறைக்கத்தான் தகடு. நெளிஞ்சிருந்துச்சுன்னு போன வாரம் கழட்டினேன், தட்டி நிமிர்த்தியாச்சு, திரும்ப மாட்டல. நான் அதப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். பயந்த பிள்ளை எங்கேயும் போகாதுன்னு எனக்குத் தெரியும். எத்தன படத்துல பாத்திருக்கேன், பயந்தா அவ கண்ண மூடிக்கிட்டு சீட்டோட ஒட்டிக்குவா.

ரெண்டாவது தடவையும் கூப்பிட்டா. இந்தத் தடவ தெளிவாக் கேட்டுச்சு. அழுகை நின்னு போச்சு. குரல் வேற மாதிரி இருந்துச்சு, வீட்டுல கதை சொன்னாளே, அந்தக் குரல். “அப்பா, நான் வரேன்ப்பா. நீ அங்கேயே இரு”ன்னா. அப்புறம் உள் கதவு உரசற சத்தம். ரெண்டு கையாலயும் தள்ளறா. அவளுக்குள்ள அப்ப ஓடினது நான் காட்டின படம் இல்ல.

நீங்க இதத்தான் கேக்கறீங்கன்னு தெரியும். ஆமா, ரிசீவர் என் கையிலதான் இருந்துச்சு. வெளிக் கதவுச் சக்கரம் ‘டக்’குனு விட்டதும் கேட்டுச்சு. ‘நில்லு குருவி’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பா. சொல்லல. வாயத் திறந்திருந்தா, மாமா இவ்வளவு நேரமும் கேட்டுக்கிட்டு சும்மா இருந்திருக்காருன்னு அவளுக்குத் தெரிஞ்சு போயிருக்கும். அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ முன்னாடி நிப்பேன்? அதனால சொல்லல. ரிசீவர வச்சுட்டுப் படியில இறங்கினேன். அஞ்சாவது மாடி வந்தப்பவே, கீழ பள்ளத்துல ஏதோ விழுந்துச்சுன்னு வாட்ச்மேன் கத்தற சத்தம் மேல வந்துடுச்சு.

எல்லாத்தையும் ஒத்துக்கறேன் மேடம். சுவிட்ச இறக்கினது நான், லைட்டக் கழட்டினது நான், தகட்ட மாட்டாம விட்டது நான், பேசாம இருந்ததும் நான். வக்கீல் வேண்டாம். அவ ‘அப்பா’ன்னு கூப்பிட்டத ஆஸ்பத்திரி வராண்டாவுல சொன்னப்ப, என் வீட்டுக்காரி என் சட்டையப் பிடிச்சுகிட்டு, “அவ அவங்கப்பாவக் கூப்பிட்டிருக்காடா, உன்னைய இல்ல”ன்னா. என்னைய ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவ. நான் கோவிச்சுக்கல, பெத்தவ, வேதனையில என்ன வேணா சொல்லுவா. ஆனா யோசிச்சுப் பாருங்க. செத்தவனுக்குக் காது ஏது? அவ கூப்பிட்டப்ப கேட்டுக்கிட்டிருந்தது நான் ஒருத்தன்தானே? அந்தக் கட்டடத்துல அவளுக்கு வேற எந்த அப்பா இருந்தாரு?

கையெழுத்து எங்க போடணும்னு காட்டுங்க, போட்டுடறேன். அதுக்கு முன்னாடி முதல் பக்கத்துல ‘மனைவியின் மகள்’னு எழுதினீங்களே, அத மட்டும் அடிச்சுட்டு ‘மகள்’னு எழுதிடுங்க. அவளே கூப்பிட்டுட்டா மேடம். ரெண்டு தடவ கூப்பிட்டா.