மச்சானுக்கு மெமரி பத்தலை

– அங்கயே நிறுத்து தங்கச்சி. இதுக்கு மேல படம் வர வேணாம்.

– நான் நிறுத்தலைண்ணே, அதுவா நின்னுடுச்சு. மெமரி பத்தலன்னு கம்ப்யூட்டரு எழுதுது பாருங்க.

– நல்லதாப் போச்சு. நான் வந்துட்டேன், எம் பொண்டாட்டி தீர்த்தம்மா வந்துட்டா. அவ தம்பி, எம் மச்சான் குப்புராஜுக்கு ஒரு காதுதான் வந்திருக்கு. அதையும் தொடச்சுடு, போஸ்டரு ரெடி.

– பெரியண்ணன் அண்ணே, தக்காளி யாவாரிங்க சங்கத்துக்கு நீங்க தலைவரு, அவரு செயலாளரு. மாரண்டஹள்ளியில புது மண்டி தொறக்கற போஸ்டர்ல செயலாளரு இல்லன்னா யாரக் கேப்பாங்க? இந்தக் குல்ஷனுக்குக் கம்ப்யூட்டரு ஓட்டத் தெரியலம்பாங்க. எங்க மாமனாரு வேற, இந்தப் பொட்டியத் திருப்பிக் குடுத்துட்டு அச்சாபீசுல பழையபடி ஈய எழுத்துக் கோக்கலாம்னு மொணகிட்டே இருக்காரு. இந்தப் போஸ்டரு கெட்டா பொட்டி வாங்குன கடைக்கே, ஒசூருக்கு வண்டி ஏறிடும்.

– நீ ஏன் மாட்டிக்கற? கம்ப்யூட்டரு மேல பழியப் போடு. திருப்பிப் பேச அதுக்கு வாயா இருக்கு?

– பொறுங்க, கொஞ்சம் எடம் பண்ணிப் பாக்கறேன்.

– எடமா? பொட்டிக்குள்ளயா?

– கவனிங்கண்ணே. நீங்க தக்காளி ஏத்த லாரி பேசறீங்க. கூடை ஏறறதுக்கு முன்னாடியே டிரைவரோட சொந்தக்காரங்க மூட்டை முடிச்சோட ஏறி உக்காந்துட்டா எப்படி? இதுவும் அப்படித்தான். மெமரி மொத்தமே அறுநூத்தி நாப்பது கேபி. சுவிட்சப் போட்ட ஒடனே கடிகாரம் காட்டற புரோகிராமு, கூட்டிக் கழிக்கற புரோகிராமு, எல்லாம் வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்குது. போதாக்கொறைக்கு எங்க வூட்டுக்காரரு சர்தாரு, பெங்களூர்ல யாரோ சொன்னாங்கன்னு மெமரியிலயே ஒரு பங்கு பிரிச்சு டிஸ்க்கு மாதிரி ஒதுக்கி வெச்சிருக்காரு.

– ஒதுக்குனது ஒதுக்குனதாவே இருக்கட்டும். பாய் மனசு நோகும்.

– நோகாது. எல்லாத்தையும் எடுத்துட்டேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா எடம் வந்துடும்.

– நான் என்ன சொல்றேன்னா தங்கச்சி, அந்தக் கடிகாரம் பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே. மணி பாக்க வேணாமா?

– கையில கட்டியிருக்கீங்களேண்ணே.

– இது நின்னு போச்சு.

– ஓடற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. உள்ளதச் சொல்லுங்க, மச்சான் மேல என்ன கோவம்?

– அடுத்த மாசம் சங்கத்துல எலக்சன். தலைவர் பதவிக்கு என்னை எதுத்து நிக்கறான். பாலக்கோடு வரைக்கும் போஸ்டரு ஒட்டப் போறோம், அவன் மூஞ்சிய நானே ஏன் ஊருக்குக் காட்டணும்? நேரா வேணாம்னு சொன்னா அக்காக்காரி என்னை வூட்டுக்குள்ள சேக்க மாட்டா. கம்ப்யூட்டரே தூக்கிடுச்சுன்னா அவளால என்ன பண்ண முடியும்?

– அப்ப அக்காவ எதுக்குப் போட்டோவுல நிக்க வெச்சீங்க?

– கடை அவ பேருல இருக்கு, சங்கத்துல அவளும் மெம்பரு. அதோட, நடுவுல அவ நிக்கலன்னா நாங்க ரெண்டு பேரும் ஒரே போட்டோவுல நின்னிருப்பமா? என்ன தங்கச்சி, மறுபடி என் தலை வருது?

– படம் புதுசா ஏறுதுண்ணே. போட்டோவப் படுக்க வெச்சு ஸ்கேன் பண்ணுனேன், அதான் ஒவ்வொரு ஆளா வர்றீங்க. நீங்க ஆச்சு, அக்கா ஆச்சு.

– காது வந்துடுச்சு. நின்னுடும், இப்ப நின்னுடும். மூக்கு வருதே. மீசையும் வருதே. நீ ரொம்பத்தான் எடம் பண்ணிட்ட.

– முழுசா வந்துட்டாரு. சிரிக்கறாரு பாருங்க.

– அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது. கடிகாரத்த மறுபடி ஏத்து தங்கச்சி. கூட்டிக் கழிக்கறதயும் ஏத்து. வேற எது சும்மா கெடந்தாலும் ஏத்திவிடு.

– ஏத்த வேணாம். மெமரி பத்தலன்னு நான் வாயாலயே சொல்லிட்டுப் போறேன். ஆனா போஸ்டரு வந்த பின்னாடி அது இல்ல, இது இல்லன்னு சண்டைக்கு வந்தா?

– நானா வருவேன்?

– அச்சு மெஷின்கிட்ட எங்க வூட்டுக்காரரு நிக்கறாரு. அவரு காதுல விழற மாதிரி சொல்லுங்க.

– சர்தார் பாய், அத நிறுத்திட்டு இங்க கேளு. மெமரி பத்தாம இந்தப் போஸ்டர்ல யார் தலை காணாமப் போனாலும் பெரியண்ணன் ஒரு வார்த்தை கேக்க மாட்டான். கம்ப்யூட்டரு செஞ்சது செஞ்சதுதான். தீர்த்தமலை சாமி மேல சத்தியம்.

– மெஷின நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டேண்ணே. நானும் சாட்சி.

– போதுமா தங்கச்சி? இப்ப வெட்டு.

– வெட்டறேன். மச்சான் போயிட்டாரு.

– சபாஷ். இப்பதான் படம் லட்சணமா இருக்கு. ஏ தங்கச்சி, இந்தப் பக்கம் எதுக்குக் கோடு போடற? அது நான்.

– தெரியும்ணே.

– என் தோளு போச்சு பாரு. தலையும் போச்சு. மொதல்ல ஏறுன ஆளு நான், எனக்கு எப்படி மெமரி பத்தாமப் போகும்?

– கோச்சுக்காதீங்க. காத்தாலயே தீர்த்தம்மாக்கா வந்து, "ரெண்டு பக்கமும் வெட்டிட்டு என்னை மட்டும் போஸ்டரு முழுக்கப் பெருசாக்கு, கேட்டா மெமரி பத்தலன்னு சொல்லிடு"ன்னுட்டுப் போயிருக்காங்க. இந்தத் தடவ தலைவர் பதவிக்கு அவங்களும் நிக்கறாங்களாம்.